கயிறாய்க் கிடந்த காவிரி

ஆனி 24, திங்கள்

அவையோரே! ஆலங்கரைப் பெருமக்களே! எங்கள் பிள்ளைகளிடமிருந்து நிலத்தைப் பறித்துவிட்டார்கள். வயலையன்று, வரப்பையன்று, நிலவரைபடத்தைப் பறித்துவிட்டார்கள். பார்வையற்ற மாணவர் வரைபட வினாவுக்கு விடையளிக்க வேண்டியதில்லை, மாற்றாக வேறொரு வினாவை எழுதலாம் என்பது சலுகையாம். தேர்வுக்குத் தந்த சலுகை வகுப்பறைக்குள் நுழைந்து வழக்கமாயிற்று. கேட்கப்படாததைக் கற்பிப்பானேன் என்று ஆறாம் வகுப்பிலேயே அந்தப் பக்கங்களைப் புரட்டிவிடுகிறார்கள். தம் ஊருக்கு வடக்கே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு தலைமுறையைச் சலுகையின் பெயரால் வளர்க்கிறோம். இந்தச் சலுகையை யார் கேட்டது?

ஆடிப் பதினெட்டன்று படித்துறை மேடையில் பேசுவதற்காக இதைத் தொடங்கினேன். சொற்கள் வரிசையில் வந்து நிற்கின்றன. அவற்றில் சூடில்லை. முப்பது ஆண்டு மேடைப் பழக்கத்தால் கை தானாக எழுதுகிறது. இத்துடன் நிறுத்திவிட்டேன்.

கடந்த வெள்ளியன்று என் மாணவி தையல்நாயகி வாய்க்காலில் விழுந்தாள். இடக்கை எலும்பு முறிந்தது. உயிருக்குக் கேடில்லை.

மாலையில் சட்டைகளைத் தேய்த்தேன். நீலச் சட்டையில் ஒரு பொத்தான் இல்லை.

ஆனி 25, செவ்வாய்

தலைமையாசிரியை ரெசினா அம்மையார் அழைத்திருந்தார். இது பார்வையற்ற பிள்ளைகளுக்கான உறைவிடப் பள்ளி. ஆறாம் வகுப்பில் எழுவர். அவர்களுக்குப் புவியியல் கற்பிப்பவன் நான். நடந்ததை முறையாகச் சொன்னேன். ஆறு என்றால் என்னவென்று பிள்ளைகள் நேரில் அறியட்டும் என்று பள்ளிக்குப் பின்னாலுள்ள வாய்க்காலுக்கு அழைத்துச் சென்றேன். ஒருவர் தோளை ஒருவர் பற்றி வரிசையாக வந்தார்கள். கரைமேட்டின் அடியில் நிறுத்திக் காவிரியின் சிறப்பை விளக்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் நின்ற தையல்நாயகி வரிசையை விட்டு நீங்கிக் கரையேறி மறுபுறம் இறங்கிவிட்டாள். சற்றுத் தள்ளிச் சுமையுந்தைக் கழுவிக்கொண்டிருந்தவர் குதித்துத் தூக்கினார்.

"அய்யா, நீங்க பேசினா ஊரே கேக்கும்" என்றார் அம்மையார். "இப்ப நான் கேக்கிறேன், நீங்க சொல்லுங்க. அந்தப் புள்ள ஏன் எறங்குச்சு?"

"பார்வையற்ற குழந்தை, அம்மையீர். கரை முடிந்தது தெரியவில்லை."

"பதினஞ்சு வருசமா இந்தப் புள்ளைங்களோட இருக்கேன். கரை முடியிறது தெரியாத புள்ள ஒண்ணுகூட இங்க இல்ல. எல்லாம் காலால பாக்குதுங்க. ஓரம் வந்தா நிக்கும். இது நிக்கல. நடந்து எறங்கியிருக்கு. ஏன்?"

தெரியவில்லை என்றேன். வெளியில் வந்து, தண்ணீர்த் தொட்டியின் குழாய் சரியாக மூடப்படாமல் சொட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு, மூடினேன்.

ஆனி 26, புதன்

குழம்பில் உப்பே இல்லையாம். "ரெண்டாந்தரம் வேற வாங்கிச் சாப்பிட்டீங்க, ஒரு வார்த்தை சொல்லல" என்றாள் என் மனைவி வேதவல்லி. அவள் சொன்ன பிறகும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

ஆனி 28, வெள்ளி

திசைகள் பாடம். காலையில் பிள்ளைகளை முற்றத்தில் நிறுத்தினேன். எந்தக் கன்னம் சுடுகிறதோ அந்தப் பக்கம் கிழக்கு. சுடும் கன்னத்தை நெற்றிக்கு மாற்றுங்கள், அதாவது வெயிலைப் பார்த்துத் திரும்புங்கள் என்றேன். இப்போது உங்கள் இடக்கைப்பக்கம் வடக்கு.

"மேகம் வந்துச்சுன்னா வடக்கு காணாமப் போயிடுமா அய்யா?" என்று கேட்டான் சகபர். எழுவரில் வாய் ஓயாதவன் அவன்தான். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டிய இடம் அது.

பிறகு வரைபடப் பலகை. இதைப் பற்றி எங்கும் எழுதி வைத்ததில்லை, எழுதி வைக்கிறேன். சென்ற ஆண்டு கோடை விடுமுறை முழுவதும் நானே செய்தது. ஆறடி உயர மரப்பலகையில் தமிழ்நாடு. மேற்கு மலைத்தொடருக்குப் புளியங்கொட்டைகளை ஒட்டினேன். கடலுக்கு வழவழப்பான நெகிழித்தாள். ஆறுகளுக்குக் கயிறு: வைகைக்கும் தென்பெண்ணைக்கும் பாலாற்றுக்கும் சணல், காவிரிக்குக் கிணற்று வடம். காவிரி நம் தாய் அல்லவா! அவளை எந்தப் பிள்ளையின் விரலும் தவறவிடக் கூடாது என்று எண்ணினேன். மாவட்டக் கண்காட்சியில் முதற்பரிசு பெற்ற பலகை இது. பரிசளிப்பில் நான் ஆற்றிய உரையை இன்னும் சிலர் சொல்வார்கள்.

தையல்நாயகிக்கு இந்தப் பலகைதான் உயிர். இடைவேளையில் மற்றவர்கள் விளையாட, இவள் காவிரியைத் தடவிக்கொண்டு நிற்பாள். "எவ்ளோ பெருசு!" என்பாள். பெரம்பலூருக்கு மேற்கே வானம் பார்த்த ஊர் அவளுடையது. ஆற்றை அவள் அணுகியதே இல்லை.

ஆனி 30, ஞாயிறு

மருத்துவமனைக்குப் போனேன். வேதவல்லி ஆரஞ்சும் ரொட்டியும் கொடுத்தனுப்பினாள். பையைக் கட்டிலின்மேல் வைத்தேன்.

கையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். என் செருப்போசையிலேயே கண்டுகொண்டாள்.

"அய்யா! எனக்கு ஒரு சந்தேகம். கேட்டாத் திட்டுவீங்களா?"

"கேள்."

"அன்னைக்கு ஆறு எங்கய்யா போச்சு?"

விளங்கவில்லை என்றேன்.

"மேடு வந்துச்சு. நம்ம பலகையில இருக்கிற மாதிரியே, நீட்டா, உருண்டையா. காவேரின்னு தெரிஞ்சுபோச்சு. நான்தான் மொதல்ல கண்டுபுடிச்சேன்னு மேல ஏறி நின்னேன். தொட்டுப் பாத்தா வெறும் மண்ணு. தண்ணியே இல்ல. சரி, ஆறு வத்திருச்சு போலருக்குன்னு அந்தப் பக்கம் எறங்கிட்டேன். எறங்கினா தண்ணி! ஆத்துக்கு வெளியில எப்புடிய்யா தண்ணி வரும்?"

ஓர் ஆரஞ்சை உரித்தேன். சுளைகளைப் பிரித்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். நார்களைக்கூட எடுத்துவிட்டேன்.

அவள் ஊரில் தண்ணீர் குழாயில் வருகிறது. குழாய் உருண்டையாக, நீளமாக, தரைக்குமேல் கிடக்கிறது. கையால் பற்றலாம். ஆறும் அப்படித்தான் என்று அவளுக்கு ஒரு பலகை சொல்லியிருந்தது.

அவள் தந்தை சின்னமுத்து வந்தார். கல்லுடைக்கும் ஆலையில் வேலை. கண்ணிமையிலும் வெள்ளைத் தூசி. "வாத்தியாருங்களா?" என்று கேட்டார். ஆமென்றேன். வேறொன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்குமோ என்னவோ. பேருந்தில் வந்தேன். உட்கார இடம் கிடைத்தது.

ஆனி 31, திங்கள்

வரைபடப் பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன்.

ஆடி 2, வியாழன்

படித்துறை விழாவை நடத்தும் பேரவையின் செயலாளர் கைப்பேசியில் அழைத்தார். ஆடிப் பதினெட்டு விழாவுக்குச் சுவரொட்டி அச்சாகிறதாம். "அண்ணே, 'சொல்லின் புயல் பொழிலன்'னு போட்டிருக்கேன், சரியா?" என்றார். பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். தொண்டை கட்டியிருக்கிறதா என்று கேட்டார். ஆம் என்றேன். பொய். தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது.

பிற்பகல் வகுப்பில் அளவுகோல் பாடம். நிலத்தில் நூறு கிலோமீட்டர், பலகையில் ஒரு சாண் என்று விளக்க வேண்டும். பலகை திரும்பிக் கிடக்கிறது. பாடம் நடக்கவில்லை. பிள்ளைகள் வாய்க்கால் நாளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். நான் தடுக்கவில்லை.

"எனக்குத் தண்ணிச் சத்தம் கேட்டுச்சு" என்றான் சகபர். "மதகுப் பக்கத்துல சோன்னு வுழுந்துச்சு."

"அப்போதே ஏன் சொல்லவில்லை?"

"எப்ப சொல்றது? நீங்க மூச்சு வாங்குறப்பதான் கேட்டுச்சு. உடனே மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்க."

ஒரு பெண் பிள்ளை அவனைக் கிள்ளினாள். "டேய், அய்யாவப் போயி!" அவன் அலறினான். "உண்மையத்தானே சொன்னேன்! தையலு காது எவ்ளோ கூர்ப்பு. அய்யா மட்டும் பேசாம இருந்திருந்தா..."

மணி அடித்தது. பிள்ளைகள் போய்விட்டார்கள். இருக்கைகளை ஒழுங்குபடுத்தினேன்.

ஆடி 6, திங்கள்

தையல்நாயகி பள்ளிக்குத் திரும்பினாள். நிரந்தரமாக அன்று. தந்தை ஆலையில் விடுப்பு எடுக்க முடியாததால், நிருவாகக்குழு கூடும்வரை இங்கே இருக்கட்டும் என்று விட்டுப் போனார். குழு முடிவைக் கேட்டபின் அவளை வைப்பதா, அழைத்துப் போவதா என்று முடிவு செய்வாராம்.

வகுப்புக்குள் நுழைந்தபோது அவளைச் சுற்றி ஆறு பேரும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். மாவுக்கட்டை ஆளுக்கொரு தட்டுத் தட்டினார்கள்.

"ஆறு எப்புடிடி இருக்கும்?"

"குழி" என்றாள். "ஆறுன்னா மேடு கெடையாது. குழி. நீளமாப் போற குழி. அதுக்குள்ள தண்ணி நடந்துபோவுது."

"போடி பொய்யி. பலகையில மேடாத்தானே இருக்கு? மலையவிட ஒசரமா இருக்கு" என்றான் சகபர்.

"நீ வுழுந்தியா, நான் வுழுந்தேனா?"

இந்த வாதத்தை வகுப்பு ஏற்றுக்கொண்டது.

ஆனால் அவன் சொன்னதும் உண்மைதான். பலகையைத் திருப்பினேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். என் காவிரி, பலகையின் மேற்கு ஓரத்திலிருந்து கடல்வரை, எல்லா மலையையும்விட உயரமாகக் கிடந்தது. ஓராண்டாக இந்தப் பலகைமுன் நின்று பேசிவந்தேன். கண்ணை மூடித் தொட்டது இன்றுதான்.

வடத்தை இழுத்தேன். பசை நன்றாகப் பிடித்திருந்தது. சகபரும் வந்து இழுத்தான். பெயர்ந்தபோது இருவரும் பின்னால் விழுந்தோம். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஆடி 9, வியாழன்

முற்றத்தின் மூலையில் களிமண் கொட்டச் செய்தேன். ஆளுயர நீளத்தில் பரப்பினோம். மேற்கே குவித்துக் கிழக்கே சரித்தோம். தையல்நாயகி வலக்கை விரலால் ஒரு பள்ளத்தை மேற்கிலிருந்து இழுத்துக்கொண்டே வந்தாள். ஒரு குவளைத் தண்ணீரை மலையின்மேல் ஊற்றினேன். நான் ஒரு சொல்லும் பேசவில்லை. எழுவரும் பள்ளத்துக்குள் விரல் வைத்துக் காத்திருந்தார்கள். தண்ணீர் ஒவ்வொரு விரலாகத் தொட்டுக்கொண்டு இறங்கியது. "வந்துருச்சு! என்கிட்ட வந்துருச்சு!" என்று ஒவ்வொருவராகக் கத்தினார்கள்.

நீர் ஏன் கிழக்கே போகிறது, கிளையாறு எங்கே பிரிகிறது, கழிமுகம் ஏன் விரிகிறது என்பனவற்றை அவர்களே கேட்டு அவர்களே கண்டார்கள். ஒருத்தி கழிமுகத்துப் பக்கத்து மண்ணைச் சுரண்டிவிட்டாள், கிழக்கே தேங்கியிருந்த கடல் உள்ளே வந்தது. சண்டை போட்டுக்கொண்டு அணை கட்டினார்கள்.

தலைமையாசிரியை மாடியிலிருந்து பார்த்தார். இறங்கி வந்தார்.

"நல்லாத்தான் இருக்கு, அய்யா" என்றார் தாழ்ந்த குரலில். "குழு கூடுறவரைக்கும் வேணாம். யாராவது போட்டோ எடுத்து அனுப்பினா, அடிபட்ட புள்ளய மறுபடி மண்ணுல எறக்கிட்டாங்கன்னு வரும். மூடிடுங்க."

சாக்குப்பைகளால் மூடினோம். கை கழுவியபின்னும் நகக்கண்ணில் மண் இருந்தது. இரவுணவின்போது வேதவல்லி அதைப் பார்த்தாள்.

ஆடி 12, ஞாயிறு

துணி துவைத்தேன். மழை வரும்போல் இருந்தது, வரவில்லை.

ஆடி 15, புதன்

நிருவாகக்குழு கூடியது. முடிவுகள்: பிள்ளைகளை நீர்நிலைப் பக்கம் அழைத்துச் செல்லக் கூடாது. தேர்வில் கேட்கப்படாத வரைபடப் பகுதிகளைக் கற்பிக்க வேண்டியதில்லை. தலைநகரங்கள், ஆறுகளின் பெயர்கள் முதலியவற்றை மனப்பாடம் செய்வித்தால் போதும்.

சின்னமுத்து கதவோரம் நின்றிருந்தார். நாற்காலி கொடுத்தும் உட்காரவில்லை.

"நான் படிக்காதவனுங்க" என்றார். "எம்பொண்ணு நாலெழுத்துப் படிச்சு ஒரு வேலைக்குப் போவணும்னுதான் இங்க விட்டேன். ஆத்தைப் பாக்க விடல. அந்தப் படம், மண்ணு, இதெல்லாம் இல்லன்னா அவ இங்கயே இருக்கட்டும். இருக்குன்னா இன்னைக்கே கூட்டிட்டுப் போயிடறேன். அவ அம்மாவும் இல்லாதவ. எனக்கு வேற யாரு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். முப்பது ஆண்டு பேசியவன். எந்த அவையிலும் எழுந்த கணத்தில் முதற்சொல் வந்து நாவில் அமரும். இன்று எழுந்தேன். ஒன்றும் வரவில்லை. "அப்படியே ஆகட்டும்" என்றேன்.

சின்னமுத்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

பெண் பிள்ளை தங்கிவிட்டாள். எல்லார்க்கும் நிறைவு. தலைமையாசிரியை தேநீர் வரவழைத்தார். குடித்தேன்.

ஆடி 16, வியாழன்

வகுப்பில் பெயர்களைச் சொல்லச் சொன்னேன். காவிரி, வைகை, பாலாறு, பொருநை. ஏழு குரலும் ஒன்றாக வந்தன. நன்றாகச் சொல்கிறார்கள்.

தையல்நாயகி மட்டும் நடுவில் நிறுத்திக்கொண்டாள்.

"அய்யா, மண்ணு படம் இனிமே கெடையாதாமே? நான் இங்க இருக்கணும்னா அது இருக்கக் கூடாதாமே?"

"ஆம்."

"எனக்குப் பரவால்ல. நான் வுழுந்துட்டேன், தெரிஞ்சுக்கிட்டேன். இவங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு." மாவுக்கட்டை மேசைமேல் வைத்தாள். "அடுத்த வருசம் ஆறாவது வர்ற புள்ளைங்களுக்கு?"

"அவர்களுக்கும் பெயர்களைச் சொல்லித்தருவேன்."

"பேரு சொன்னா மேடா பள்ளமான்னு எப்புடித் தெரியும்?"

சகபர் மெல்லச் சொன்னான்: "ஆளாளுக்கு ஒருதடவை வுழுந்தாத் தெரியும்."

யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உண்ண உட்கார்ந்தேன். சாம்பார் கரித்தது. "உப்புக் கூடிவிட்டது" என்றேன். வேதவல்லி கரண்டியை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

ஆடி 17, வெள்ளி

காலையிலேயே தலைமையாசிரியையிடம் சென்று, குழுவில் நான் தந்த இசைவைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன். வரைபடம் இல்லாமல் நான் புவியியல் கற்பிக்க மாட்டேன். களிமண் படத்தை மூடியிருக்கும் சாக்கை எடுக்கத்தான் போகிறேன்.

"பொண்ணு போயிடும், அய்யா. தெரிஞ்சுதான் பேசுறீங்களா?"

"தெரியும்."

"அவங்கப்பாவுக்கு நான் சொல்லியாகணும். மறைக்க முடியாது."

"மறைக்க வேண்டாம். நான் சொன்னதாகவே சொல்லுங்கள்."

அவர் கைப்பேசியை எடுத்தார். பிறகு, "இதே மாதிரி அன்னைக்குக் குழுவுல பேசியிருக்கலாம்ல?" என்றார். பேசியிருக்கலாம்.

ஆடி 18, சனி

விடுமுறை நாள். ஊரே படித்துறைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பள்ளி வாயிலில் மஞ்சள் பூசிய முகங்கள், முளைப்பாரி, காதோலை கருகமணி, சித்திரான்னத் தூக்குகள். ஒலிபெருக்கி ஒலிக்கிறது. மேடையில் வேறொருவர் பேசுவார்.

சின்னமுத்து முதற்பேருந்தில் வந்துவிட்டார். மகளின் பெட்டியைக் கட்டிவிட்டார்கள். மாற்றுச் சான்றிதழில் கையெழுத்திடத் தலைமையாசிரியை வருவதற்காக அவர் விடுதி வாசலில் காத்திருக்கிறார். நான் வகுப்பறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சன்னல் வழியே இருவர் பேச்சும் கேட்கிறது.

"தண்ணிக்குள்ள பயந்துட்டியாம்மா?"

"பயமில்லப்பா. என்னன்னு தெரியல. தெரியாததுதான் ஒரு மாதிரி இருந்துச்சு."

"இப்பத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்ப்பா. ஆனா வெரல் அளவுதான் தெரியும். பெருசாத் தெரியாது."

இப்போது எழுந்து அவரிடம் போகிறேன். தலைமையாசிரியையும் வந்துவிட்டார், அவர் கேட்கவே சொல்வேன். சொல்லப்போவது இதுதான். வழக்கம்போல் எழுதிப் பார்த்துக்கொள்கிறேன், இம்முறை சுருக்கமாக.

சின்னமுத்து அவர்களே! உங்கள் மகள் பார்வையில்லாததால் விழவில்லை. ஆறு மேடு என்று நான் சொல்லித்தந்தேன். மேட்டைத் தேடிப் போனாள். தண்ணீரின் ஓசை அவளுக்குக் கேட்காதபடி நான் பேசிக்கொண்டிருந்தேன். இதற்காக என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள். ஆனால் அவளை எங்கே அழைத்துப் போகிறீர்கள்? கல்லெடுத்த பள்ளங்கள் சூழ்ந்த ஊருக்கு. வேலியில்லாத கிணறுகள் உள்ள ஊருக்கு. அங்கே எது மேடு, எது பள்ளம், எந்தப் பக்கம் சரிவு என்று அவளுக்கு யார் சொல்லித்தருவார்? ஆற்றை மறைத்து அவளைக் காக்க முடியாது. நிலத்தை அவள் கையில் கொடுத்துத்தான் காக்க முடியும்.

அம்மையீர், கையெழுத்தை நிறுத்துங்கள். மண்படத்தின் சாக்கை இந்நேரமே எடுக்கச் சொல்லுங்கள். மற்ற அறுவரையும் அழையுங்கள்.

ஐயா, பெட்டியைக் கீழே வையுங்கள். செருப்பைக் கழற்றுங்கள். படித்துறைக்கு வாருங்கள். அவளுடைய வலக்கையை நீங்களே பிடியுங்கள், நான் வாய் திறக்க மாட்டேன். முதற்படியில் நின்று அவள் தண்ணீரின் ஓசையைக் கேட்கட்டும். அடுத்த படிக்கு நீங்கள் முன்னே இறங்குங்கள், அவளைப் பின்னே இறக்குங்கள். நாளை வேண்டாம், மாலை வேண்டாம். எழுந்திருங்கள், இப்போதே.